குழலியின் ஸ்பெஷல் பரீட்சை

“எம் பொண்ணு பரீட்சை எழுத உக்காந்தான்னா காலேஜ்ல பேப்பர் கட்டுற நூலே தீந்துபூடும்பா. அப்புறம் நம்ம வூட்டுத் தறியிலருந்து பட்டு நூலு போனாத்தான் அவ எழுதினதைக் கட்டி வாங்க முடியும். பாத்துக்கினே இரு!”

பிள்ளையார்பாளையம் பாலாஜி டீக்கடை வாசலில் நின்று நமச்சிவாயம் இப்படி ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டபோது, டீ ஆற்றிக்கொண்டிருந்த பாலாஜியின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. டீ நிற்கவில்லை. அது நேராக அவன் காலில் இறங்கியது.

நமச்சிவாயத்தின் வாயில் வெடி புதிதல்ல. அவர் நெய்த சேலையைக் கட்டிய கல்யாணப் பெண், ஜரிகையின் கனம் தாங்காமல் மணவறையில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருக்க, மாப்பிள்ளை வீட்டார் கூடி மணையோடு தூக்கிக்கொண்டு போனதாக ஒரு கதை உண்டு. அவருடைய தறிச் சத்தத்தைக் கேட்டுத்தான் செவிலிமேட்டில் கடிகாரத்தைச் சரி செய்கிறார்கள் என்று இன்னொன்று. தெரு இதையெல்லாம் டீயோடு சேர்த்துக் குடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடும். ஒரே ஒருவருக்குத்தான் தொண்டையில் சிக்கும். அவர் துரைக்கண்ணு. வாலாஜாபாத் போகிற சாலையில் இருக்கும் இன்ஜினியரிங் காலேஜில் தேர்வுப் பிரிவு உதவியாளர். பரீட்சை ஹாலுக்குத் தண்ணீர், பேப்பர், நூல் எல்லாம் அவர் கையால்தான் போகும். நமச்சிவாயம் இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்று சொன்னால்கூடக் காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார்.

“நம்ப மாட்டேன்” என்றார் துரைக்கண்ணு, டம்ளரை வாயிலிருந்து எடுக்காமலே. “இன்னா பரீட்சைபா அது?”

“ஸ்பெஷல் பரீட்சை. எல்லாருக்கும் வெக்க மாட்டாங்க. பொறுக்கி எடுத்த பசங்களுக்கு மட்டும்தான். எம் பொண்ணை ஒவ்வொரு தபாவும் கூப்புடறாங்க. வுடவே மாட்டேன்றாங்க!”

பால் பாக்கெட் வாங்க வந்த ஏலவார்குழலி, அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றபடி இதைக் கேட்டாள். பாக்கெட் அவள் கைச்சூட்டிலேயே திரிந்துவிடும் போலிருந்தது. துரைக்கண்ணு டம்ளரின் விளிம்புக்கு மேலாக அவளைப் பார்த்தார். ஒரு பார்வைதான். போன நவம்பரில் அரியர் ஹாலில் தண்ணீர்க் கேனை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தபோதும் இதே கண்கள்தான் அவளைப் பார்த்தன.

அவருக்குத் தெரியும். அந்த ஸ்பெஷல் பரீட்சைக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் அரியர். முதல் செமஸ்டர் கணக்கு. எம்-ஒன்.

“பாக்கலாம், பாக்கலாம்” என்று சொல்லிவிட்டுத் துரைக்கண்ணு சைக்கிளை எடுத்தார். அந்த இரண்டு ‘பாக்கலாமும்’ குழலியின் வயிற்றுக்குள் இறங்கின. அங்கே ஏற்கெனவே யாரோ கைத்தறியைக் கழற்றிவிட்டு விசைத்தறி போட்டிருந்தார்கள். அது இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது.

இத்தனைக்கும் குழலி பிளஸ்டூ கணக்கில் நூற்றுக்கு நூறு. சென்டம்! ரிசல்ட் வந்த அன்று தெருமுனையில் பேருந்து உயரத்துக்கு ஃபிளெக்ஸ் கட்டினார்கள். ‘காஞ்சியின் கணிதச் சுடரே’ என்று எழுதி, அவள் முகத்துக்குப் பின்னால் ஒரு ராக்கெட், ஒரு சூரியன், காமாட்சியம்மன் கோபுரம் மூன்றையும் நிறுத்தியிருந்தார்கள். இப்போது அந்த ஃபிளெக்ஸ் எதிர்வீட்டு மாட்டுக் கொட்டகைக்குக் கூரை. தினமும் காலையில் கதவைத் திறந்தால் அவள் முகமே அவளைப் பார்த்து இளிக்கும். மழை பெய்தால் நூற்றுக்கு நூறும் சொட்டும்.

அந்த நூறு எப்படி வந்தது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவள் படித்த தனியார் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு என்று ஒரு வகுப்பு இருந்தது, ஆனால் பதினொன்றாம் வகுப்புப் பாடம் இல்லை. பதினொன்றாவது சேர்ந்த அன்றே பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். பதினொன்றாவது புத்தகத்துக்கு அழகாகப் பழுப்பு அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் மேஜையில் வைக்கச் சொன்னார்கள். மற்ற நாட்களில் அது சரஸ்வதி பூஜைக்கு மட்டும் வெளியே வந்து, பொட்டு வைத்துக்கொண்டு, திரும்ப உள்ளே போகும். அந்த வருஷப் பரீட்சையை எப்படியோ ஒப்பேற்றினார்கள். பன்னிரண்டாவது புத்தகத்தை மட்டும் இரண்டு வருஷம் விடாமல் அரைத்தார்கள். எந்தக் கணக்குக்கு எந்த விடை, எந்த வரிக்கு அடுத்து எந்த வரி எல்லாம் குழலிக்குத் தலைகீழாக வரும். தூக்கத்தில் தட்டி எழுப்பிப் பக்கத்தைச் சொன்னால் விடையைச் சொல்லிவிட்டு மறுபடி தூங்குவாள். அந்த வரி ஏன் வருகிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

காலேஜில் முதல் நாள் கணக்கு வாத்தியார் போர்டில் ஒரு வரி எழுதினார். அடுத்த வரிக்குத் தாவினார். “இதெல்லாம் லெவன்த்ல பாத்திருப்பீங்க” என்றார். மறுநாளும் அதையே சொன்னார். அதற்கடுத்த நாளும். அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் குழலி பேனாவைத் திறந்தபடி, மாகறலுக்குப் போகவேண்டியவள் வேறு ஊர்ப் பஸ்ஸில் ஏறிவிட்டதைப் போல உட்கார்ந்திருந்தாள். இறங்கவும் முடியவில்லை. கண்டக்டரிடம் கேட்கவும் வெட்கம். சென்டம் வாங்கியவள் அல்லவா!

ஃபெயில் ஆனாள். மறுபடி எழுதினாள், மறுபடி ஃபெயில். மற்ற பாடமெல்லாம் தட்டுத் தடுமாறிக் கரை சேர்ந்தன. எம்-ஒன் மட்டும் செமஸ்டருக்குச் செமஸ்டர் பொங்கல், தீபாவளி மாதிரி தவறாமல் வந்துகொண்டிருந்தது. “இன்னாம்மா, செமஸ்டர் முடிஞ்சுதே, இன்னும் பரீட்சையா?” என்று அப்பா முதல் தடவை கேட்டபோது, வாய் தவறி வந்துவிட்டது அந்த வார்த்தை: “இது ஸ்பெஷல் பரீட்சைப்பா.”

அப்பாவிடம் ஒரு வார்த்தை கிடைத்தால் அதற்குச் சரிகை வைக்காமல் விடுவாரா?

இப்போது கடைசி வருஷம். ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேம்பஸில் அவளை எடுத்துவிட்டது. ஜூலையில் சேர வேண்டும். ஒரே நிபந்தனை, சேரும்போது ஒரு அரியர்கூட இருக்கக் கூடாது. ஏப்ரலில் வரும் பரீட்சைதான் கடைசி வாய்ப்பு. இதில் போனால் வேலை போச்சு, டிகிரி இழுபறி, அப்பாவின் ஸ்பெஷல் பரீட்சைக் கதை தெருவில் சிரிப்பாய்ச் சிரிக்கும்.

இந்த லட்சணத்தில்தான் ஜனவரியில் ஒரு நாள் சாயங்காலம் அடுத்த தெரு தீபிகா, புத்தகப் பையோடு வந்து தறிக்கூடத்தின் ஓரத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். அரசுப் பெண்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு.

“அம்மா அனுப்புனாங்கக்கா. சென்டம் அக்காகிட்ட டவுட் கேளுன்னாங்க.”

தறிக்குழியில் கால் வைத்திருந்த நமச்சிவாயத்துக்கு உடம்பெல்லாம் பூரித்தது. “கேளும்மா, கேளு! அக்கா கண்ணை மூடிக்கினு சொல்லும்!”

தீபிகா புத்தகத்தைத் திறந்தாள். ஒரு பின்னம். கீழே x ஸ்கொயர் மைனஸ் ஒன்று, மேலே ஒன்று. “இத்த ரெண்டாப் பிரிக்கணுமாம். எங்க மிஸ் சொன்னாங்க. எனக்குப் பாதிதான் புரிஞ்சுது.”

குழலிக்குக் காது அடைத்தது. அந்தப் பின்னம்! அதே பின்னம்தான் எம்-ஒன் தாளில் ஒவ்வொரு தடவையும் வாசலில் நாயைப் போல் படுத்திருக்கும். அதைத் தாண்டினால்தான் இன்டகிரேஷன் வீட்டுக்குள் போக முடியும். பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிறது என்று அவளுக்கு இத்தனை வருஷம் தெரியாது. பழுப்பு அட்டைக்குள் பொட்டு வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறது.

அப்பா தறியை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். அடுப்படியிலிருந்து அம்மா மங்கையர்க்கரசியும் எட்டிப் பார்த்தாள். குழலியின் உள்ளங்கை வேர்த்து ஒழுகியது. அந்த வேர்வையில் பாலாறு கொஞ்ச தூரம் ஓடியிருக்கும்.

“தீபி” என்றாள், குரலை டீச்சர் மாதிரி வைத்துக்கொண்டு. “எங்க காலேஜ்ல ஒரு புது மெத்தட் இருக்குது. நீ டீச்சர், நான் ஸ்டூடன்ட். எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு வெச்சுக்கோ. உனக்குப் புரிஞ்ச பாதியை எனக்குப் புரிய வெச்சேன்னா, மீதி தானா வரும்.”

“நீங்க தெரியாத மாதிரி நடிப்பீங்களா?”

“ஆமா.”

“ஹய்யோ, ஜாலிக்கா!”

தீபிகா பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டாள். “ஃபர்ஸ்ட்டு, ரெண்டு பின்னத்தைக் கூட்டத் தெரியுமில்ல? கீழ இருக்கறத சமமாக்கிட்டுக் கூட்டுவோம். கூட்டினா ஒரே பின்னமா ஆயிடும். இப்ப அத்த அப்படியே ரிவர்ஸ்ல கேக்கறாங்கக்கா. ‘இந்தா, கூட்டி முடிச்ச பின்னம். எந்த ரெண்டைக் கூட்டினா இது வந்துச்சு?’ அவ்ளோதான்.”

குழலி அவளையே பார்த்தாள். அவ்வளவுதானா? இதற்குத்தானா இத்தனை செமஸ்டர்? கண்ணில் தண்ணீர் முட்டியது.

“அக்கா, சூப்பரா நடிக்கிறீங்க” என்றாள் தீபிகா வாயைப் பிளந்து. “நெஜமாவே தெரியாதவங்க மாதிரியே இருக்குது.”

தறிக்குழியிலிருந்து அப்பா உரக்கச் சொன்னார்: “எம் பொண்ணுக்கு நடிப்பும் வரும்!”

அன்றிலிருந்து தினமும் டியூஷன். தீபிகா பள்ளியில் அன்றன்று நடந்ததைக் கொண்டுவந்து கொட்டுவாள். ராத்திரி குழலி பழுப்பு அட்டையைப் பிரித்துப் போட்டுவிட்டு அதே பாடத்தைத் திரும்பப் போட்டுப் பார்ப்பாள். டிரிக்னாமெட்ரி வந்தது. லிமிட் வந்தது. லிமிட்டில் இரண்டு பேரும் சேர்ந்து மாட்டிக்கொண்டார்கள். மறுநாள் தீபிகா மிஸ்ஸிடம் கேட்டுக்கொண்டு வந்தாள். “ஏன்டி இவ்ளோ கேள்வி கேக்கறன்னு மிஸ் ஆச்சரியப்படறாங்கக்கா. எங்க ஸ்டூடன்ட் கேக்குதுன்னு சொல்லவா முடியும்?” தீபிகாவுக்கு ஒரு கெட்ட பழக்கம். ஒரு வரியைக் குழலி தாவினால் உடனே கையைத் தட்டுவாள். “ஸ்டெப்பை முழுங்காதீங்க. எங்க மிஸ் முழுங்கினா மார்க் தர மாட்டாங்க. எல்லா ஸ்டெப்பும் எழுதணும்.” குழலி முணுமுணுத்துக்கொண்டே எழுதுவாள்.

இவ்வளவும் நடந்தாலும் வயிற்றுக்குள் விசைத்தறி நிற்கவில்லை. பயம் இப்போது இரட்டிப்பு. ஒன்று, பரீட்சை. இன்னொன்று, தீபிகா. ஒரு நாள் டெரிவேடிவ் என்றால் என்ன என்று சொல்லிக்கொண்டே வந்தவள், சட்டென்று நிறுத்திவிட்டுக் குழலியின் முகத்தைப் பார்த்தாள். அப்பா தறிக்குப் பாவு நூல் வாங்க வெளியே போயிருந்தார்.

“அக்கா.”

“ம்.”

“நீங்க நடிக்கல, தானே?”

தறியில் மாட்டியிருந்த சேலையின் மயில்கூடத் தலையைத் திருப்பிப் பார்த்ததாகக் குழலிக்குத் தோன்றியது. பொய் சொல்ல வாயைத் திறந்தாள். வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

தீபிகா பென்சிலைக் காதிலிருந்து எடுத்தாள். “அப்போ நூறு மார்க்கு?”

“மனப்பாடம்.”

“முழு புக்குமா? யப்பா!” அதுதான் அவளுக்குப் பெரிய அதிசயமாகப் பட்டது. பிறகு பென்சிலை மறுபடி காதில் சொருகிக்கொண்டாள். “சரி. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா வாராவாரம் பானிபூரி. அப்புறம் ஹோம்வொர்க் குடுப்பேன், செஞ்சுக்கினு வரணும்.”

“ஏய்!”

“செய்யலன்னா சென்டம் ஃபிளெக்ஸு கிட்டப் போயி முட்டி போட வெப்பேன்.”

பரீட்சை அன்று காலையில் குழலிக்கு இட்லி தொண்டைக்குக் கீழே போகவில்லை. அம்மா கச்சபேஸ்வரர் கோயில் திருநீற்றை நெற்றியில் பூசிவிட்டாள். போதாதென்று இன்னொரு தடவையும் பூசினாள். வாசலில் அப்பா வழிமறித்தார். கையில் ஒரு சின்னச் சுருள், முறுக்கேற்றிய பட்டு நூல். மாம்பழ நிறம். சேலை முந்தானையில் மிச்சமானது.

“அங்க நூலு தீந்துபூடும்மா. வெச்சுக்கோ.”

“அப்பா, வேணாம்பா. கேலி பண்ணுவாங்க.”

“வெச்சுக்கோ. நான் டீக்கடையில சொல்லிட்டேன்.”

வாதாட நேரமில்லை. கால்குலேட்டர் போட்டிருந்த, உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பவுச்சில் திணித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

அரியர் ஹால் காலேஜின் மூன்றாவது மாடியில், வெயில் நேராக அடிக்கும் மூலையில் இருந்தது. உள்ளே வருபவர்கள் கல்யாணத்துக்குப் பந்தி முடிந்த பிறகு வருகிறவர்கள் போல வந்தார்கள். அஜித் என்று ஒரு சீனியர். எப்போதோ படித்து முடித்துப் போயிருக்க வேண்டியவன். கேள்வித்தாளையே விடைத்தாளில் அழகான கையெழுத்தில் திருப்பி எழுதி, அடிக்கோடு போட்டுவிட்டுத் தூங்குவான். துரைக்கண்ணு வந்து தண்ணீர்க் கேனை இறக்கினார். முன்னால் இருந்த மேஜை மேல் நாலைந்து துண்டு வெள்ளை நூலைப் போட்டார். மற்ற ஹால்களுக்குக் கட்டுக்கட்டாகக் கொண்டு போனவர் இங்கே கிள்ளித்தான் வைத்தார். அரியர் ஹாலில் யார் அடிஷனல் ஷீட் வாங்கப்போகிறார்கள் என்பது அவர் கணக்கு. அதிலும் இரண்டு துண்டை அஜித் எடுத்து விரலில் சுற்றி விளையாட ஆரம்பித்துவிட்டான்.

கண்காணிப்புக்குத் தில்லையம்மாள் மேடம். அவர் பார்த்தால் மின்விசிறிகூட ஒழுங்காகச் சுற்றும்.

கேள்வித்தாள் வந்தது. குழலி திறந்தாள். எழுத்துகள் எறும்பாகி நகர்ந்தன. முதல் கேள்வி தெரியவில்லை. இரண்டாவது தெரியவில்லை. எதுவும் தெரியவில்லை. மறுபடி அதே பஸ், அதே தெரியாத ஊர். ஒரகடம் கம்பெனி வாசலில் செக்யூரிட்டி அவளைத் திருப்பி அனுப்புவது கண்முன்னால் ஓடியது. அப்பா டீக்கடையில் தலை குனிந்து நிற்பது ஓடியது. அந்தக் காட்சிதான் தாங்கவில்லை. அவர் தலை குனிந்து அவள் பார்த்ததே இல்லை.

பிறகு மூன்றாவது பக்கத்தில் அந்த நாய் படுத்திருந்தது. கீழே x ஸ்கொயர் மைனஸ் ஒன்று.

‘கூட்டி முடிச்ச பின்னம். எந்த ரெண்டைக் கூட்டினா இது வந்துச்சு?’

குழலி எழுதினாள். நாய் எழுந்து வழி விட்டது. இன்டகிரேட் செய்தாள். அடுத்தது எதுவோ வட்டத்தின் மேல் இன்டகிரல். அதற்குள்ளே காஸ் ஸ்கொயரும் சைன் ஸ்கொயரும் கைகோத்து உட்கார்ந்திருந்தன. இரண்டையும் கூட்டினால் ஒன்று. பதினொன்றாம் வகுப்பு! இதுவும் பதினொன்றாம் வகுப்பு! புரட்டப் புரட்ட அந்தத் தாள் முழுக்கப் பழுப்பு அட்டைக்குள்ளிருந்து வந்த பழகிய முகங்கள், கொஞ்சம் பெரிய சட்டை போட்டுக்கொண்டு. அவள் ஒரு வரி தாவப் போனாள். காதுக்குள் கை தட்டும் சத்தம். எல்லா ஸ்டெப்பும் எழுதினாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை படித்தாலும் புரியும்படி எழுதினாள். விடைத்தாள் தீர்ந்தது.

“மேடம், அடிஷனல் ஷீட்.”

ஹாலில் எல்லாத் தலைகளும் திரும்பின. அஜித் எழுந்தே உட்கார்ந்துவிட்டான். அந்த ஹால் கட்டியதிலிருந்து அப்படி ஒரு வார்த்தை அங்கே ஒலித்ததில்லை.

பிறகு இன்னொரு ஷீட். இன்னொன்று. ஓரிடத்தில் மைனஸ் பிளஸ்ஸாகி, முழுக் கணக்கும் இடிந்தது. அடித்துவிட்டு முதலிலிருந்து போட்டாள். அதற்கும் ஷீட். தில்லையம்மாள் மேடத்துக்குக் கொடுத்துக் கொடுத்துக் கை வலித்ததாகப் பிற்பாடு காலேஜில் பேச்சு.

கடைசி மணிக்கு முந்தைய எச்சரிக்கை மணி அடித்தது. மேடம் அவள் மேஜைக்கு வந்தார். “கட்டு.”

நூல் இல்லை. ஷீட் சேரச் சேர அவள் அவிழ்த்து அவிழ்த்துக் கட்டியதில் இருந்த துண்டுகள் அறுந்துபோயிருந்தன. முன்மேஜையில் கிடந்த கடைசித் துண்டும் அஜித்தின் விரலில் சுற்றிச் சுற்றி இற்றுப்போயிருந்தது.

“துரைக்கண்ணு! நூல் எங்க? ஓடுங்க!”

துரைக்கண்ணு ஓடினார். தேர்வுப் பிரிவு அடுத்த பிளாக்கில், கீழ்த்தளத்தில். லிஃப்ட் வழக்கம்போல ஓய்வில் இருந்தது. குழலி ஷீட்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மின்விசிறிக் காற்றில் ஒரு ஷீட் படபடத்தது. கையால் அமுக்கினாள்.

“கட்டாத ஷீட்டை நான் வாங்க முடியாதும்மா” என்றார் மேடம். குரலில் கோபமில்லை, அதனால்தான் அதிகம் பயமாக இருந்தது. “வழியில ஒண்ணு விழுந்தாக்கூட யார் பொறுப்பு?”

“மேடம், எங்கிட்ட நூல் இருக்குது.”

பவுச்சிலிருந்து எடுத்து நீட்டினாள். மாம்பழ நிறம் வெயிலில் பளீரென்றது. ஹால் முழுக்க ஒரு மூச்சு உள்ளே போனது.

“பட்டு நூலா?” மேடம் தொட்டுப் பார்த்தார். உடனே கையை இழுத்துக்கொண்டார். “கலர் நூல் கூடாது. அடையாளம் வெச்சிருக்காங்கன்னு திருத்துறவங்க நெனச்சா உன் பேப்பரையே ஒதுக்கிடுவாங்க. தெரியுமில்ல?”

தெரியும். இப்போதுதான் தெரிந்தது. இத்தனை மாசம் சேர்த்ததெல்லாம் ஒரு நூல் நிறத்தில் போகப்போகிறதா?

கதவில் துரைக்கண்ணு தோன்றினார். மூச்சு இரைத்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கை வெறுங்கை.

“ரூமைப் பூட்டிக்கினு சாப்புடப் போயிட்டாங்க மேடம். சாவி கெடைக்கல.”

கடைசி மணி அடிக்க ஆரம்பித்தது. துரைக்கண்ணு மஞ்சள் நூலைப் பார்த்தார். குழலியைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்தால், வரதராஜரே கருடனை விட்டிறங்கி அவரிடம் பஸ் நேரம் கேட்டாற்போல இருந்தது.

“கட்டச் சொல்லுங்க மேடம்” என்றார். “நூலு தீந்துபோச்சுன்னு ரிப்போர்ட்ல எழுதுங்க. கொறைச்சலாக் கொண்டாந்தது நான்தான். கையெழுத்து போடறேன்.”

மேடம் ரிப்போர்ட் தாளை அவர் பக்கம் நகர்த்தினார். பிறகு தலையசைத்தார். குழலி நூலைக் கோத்தாள். முடிச்சுப் போட்டாள். தறியில் அறுந்த பாவு நூலை இணைக்க அம்மா போடும் அதே முடிச்சு. சின்ன வயதிலிருந்து அந்த விரல்களுக்குப் பழகியது. இழுத்துப் பார்த்தாள். நின்றது.

படிக்கட்டில் துரைக்கண்ணு அவளைப் பிடித்தார். “குழலிம்மா, ஒண்ணு கேக்கறேன். உங்கப்பன்கிட்ட மட்டும் இத்தச் சொல்லிடாத. சொன்னா அந்தாளு என்னைத் தெருவுல நடமாட வுட மாட்டான்.”

அவள் சொல்லித்தான் தீர வேண்டியிருந்தது. வீட்டு வாசலிலேயே “நூலு இன்னா ஆச்சு?” என்று அப்பா கேட்டுவிட்டார். சொன்ன மறு நொடி அவர் டீக்கடையில். பாலாஜி சிரித்தான். தெரு சிரித்தது. எல்லோரும் துரைக்கண்ணுவைப் பார்த்தார்கள். துரைக்கண்ணு டீயை ஊதினார். “நான் ஒண்ணும் பாக்கல. எனக்குத் தெரியாது” என்றார். நமச்சிவாயத்தின் முகத்திலிருந்து முதல் தடவையாகக் காற்று இறங்கியது. உண்மையைச் சொன்ன அன்றைக்கு அவரை யாரும் நம்பவில்லை. அதை எப்படித் தாங்குவது என்று அவருக்குப் பழக்கமும் இல்லை.

ரிசல்ட் வரும்வரை குழலி தூங்கினாள் என்று சொன்னால் அது பொய். மஞ்சள் நூல் கனவில் பாம்பாக வந்தது. திருத்துகிறவர் அதைப் பார்த்து முகம் சுளித்து, தாளை ஒதுக்கி வைப்பது வந்தது. தீபிகா தினமும் வந்து, “எல்லா ஸ்டெப்பும் எழுதினீங்க இல்ல? அப்போ வுடுங்கக்கா” என்று ஆறுதல் சொல்லி, அதற்கும் சேர்த்து பானிபூரி வாங்கிக்கொண்டாள்.

ஒரு சாயங்காலம் போனில் ரிசல்ட் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. சுற்றியது. சுற்றியது. நின்றது. எம்-ஒன் எதிரே ஒரு சின்ன ஆங்கில எழுத்து, அதற்குப் பக்கத்தில் ‘பாஸ்’.

குழலி கத்தவில்லை. போனை இடுப்பில் சொருகிக்கொண்டு நேராக டீக்கடைக்கு நடந்தாள். பின்னாலேயே தீபிகா ஓடிவந்தாள். அங்கே அப்பா எப்போதும்போல ஏதோ ஒரு மயிலைப் பற்றி அளந்துகொண்டிருந்தார். துரைக்கண்ணு ஓரத்தில்.

“அப்பா, பாஸாயிட்டேன்.”

“ஸ்பெஷல் பரீட்சையா? எனக்குத் தெரியாதா!”

“அது ஸ்பெஷல் பரீட்சை இல்லப்பா.” நிறுத்தினால் இனிமேல் வாயே வராது என்று தெரிந்தது. “அரியர். முதல் செமஸ்டர்ல ஃபெயிலான கணக்கு. திரும்பத் திரும்ப ஃபெயிலாகி இப்பத்தான் பாஸ். லெவன்த் கணக்கு எனக்கு ஒண்ணுமே தெரியாது. தோ, தீபிதான் சொல்லிக்குடுத்தா.”

நமச்சிவாயம் மகளைப் பார்த்தார். தலை குனியப்போகிறது என்று குழலிக்குத் தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டாள்.

“கேட்டியா பாலாஜி!” என்று அப்பாவின் குரல் வெடித்தது. “ஃபெயிலாறதுன்னாக்கூட எம் பொண்ணு மாதிரி இந்தக் காஞ்சிபுரத்துல எவன் ஆயிருக்கான்? கொஸ்டின் பேப்பரை வரவழைச்சு வரவழைச்சுத் திருப்பி அனுப்பியிருக்குதுப்பா! கடைசியில ஒரு லெவன்த்துப் புள்ளையை வாத்தியாரா வெச்சுக்கினு, அடிச்சு வீழ்த்தியிருக்குது!”

தீபிகா நிமிர்ந்து நின்றாள். பாலாஜி தலையைச் சொறிந்தான்.

“எல்லாம் சரி நைனா. ஸ்பெஷல் பரீட்சைன்றது டூப்புன்னு ஆயிடுச்சு. அப்போ அந்தப் பட்டு நூலும் டூப்புதானே?”

நமச்சிவாயம் மகளின் பக்கம் திரும்பினார். குழலி ஓரத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள்.

துரைக்கண்ணு டம்ளரைக் கீழே வைத்தார். டீ இன்னும் பாதி இருந்தது. அவர் வாழ்நாளில் டீயை மிச்சம் வைத்தது அன்றைக்குத்தான்.

“டூப்பு இல்லப்பா” என்றார் தரையைப் பார்த்து. “அரியர் ஹால்ல எவன் எழுதப்போறான்னு நான் நூலைக் கிள்ளிக்கினு போனேன். இந்தப் பொண்ணு எழுதினே இருந்துச்சு, எழுதினே இருந்துச்சு. நூலு தீந்துபோச்சு. மாடி மாடியா ஏறி எறங்கி என் முட்டி போச்சு.” அவர் ஒரு பெருமூச்சு விட்டார். “மாம்பழக் கலரு பட்டு நூலு. என் கண்ணெதிர கட்டுச்சு. நடந்துச்சுப்பா.”